கையை மீறாத வண்டி

அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார். முதலிலிருந்து வேண்டாம். தேதி, இடம், அந்த ஜோதிலிங்கம் பேர், அவன் அப்பா பேர் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வரி.

"காற்றில் இருக்கும்போது வண்டி பூபதி அண்ணன் கையை மீறிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வயதாகிவிட்டால் யாருக்கும் இப்படி நடக்கும்."

வயதாகிவிட்டால்! எனக்கு முப்பத்து நான்கு சார். முபாரக் பாய், அந்த கம்ப்ரசரைக் கொஞ்சம் நிறுத்துங்க. சார் படித்தது கேட்டுதா உங்களுக்கு? கையை மீறிவிட்டதாம். எனக்கு! என் வண்டி!

புரியுது சார். மோட்டார்சைக்கிள் பந்தயக் குழுவிலிருந்து பஸ் ஏறி இந்த உடுமலை ரோட்டு ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்திருக்கீங்க. அவன் கொடுத்த வாக்குமூலத்துக்குக் கீழே "ஆமாம், அப்படித்தான் நடந்தது" என்று நான் கையெழுத்துப் போட்டால் இரண்டு பந்தயம் தடை, அதோடு முடிந்தது. போடாவிட்டால் விசாரணை. வேண்டுமென்று இடித்ததாகத் தீர்ப்பானால் ஆயுசுக்கும் பந்தய லைசென்ஸ் கிடையாது. நான்கு தடவை சொல்லிவிட்டீங்க. ஐந்தாவது தடவை என் வீட்டுக்காரி சொல்வாள், பாருங்க, ஜன்னலில் வந்து நிற்கிறாள். சுகந்தி, சாருக்கு டீ போடு. கையெழுத்தெல்லாம் நான் பார்த்துக்கறேன்.

போடுகிறேன் சார். பேனா கொடுங்க. ஆனால் எதில் போடுகிறேன் என்று நீங்களும் தெரிந்துகொள்ளணும் இல்லையா? நீங்க குழுவுக்குப் புதுசு, வண்டி ஓட்டினதில்லை என்று சொன்னீங்க. ஒரு பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

இந்த வருஷம் நான்கு பந்தயம். பல்லடம், கோபி, காங்கேயம், தாராபுரம். நான்கிலும் அவனும் நானும்தான். மற்றவர்கள் எல்லாம் எங்களுக்குப் பின்னால் தூசி குடிக்க வந்தவர்கள்.

ஜோதிலிங்கத்தை அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதுதான் நீங்க பார்த்திருக்கீங்க. தொடையில் கம்பி, கழுத்தில் பட்டை, பாவமாக இருந்திருப்பான். எழுந்து நடந்தபோது பார்த்திருக்கணும். இருபத்து மூன்று வயசு. நடை ஒன்று வைத்திருந்தான், கல்யாண வீட்டில் பந்தியைப் பார்த்துக்கொண்டு போகிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

ஆரம்பித்தது அவன். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்க.

பல்லடத்தில் கடைசிச் சுற்று, கொண்டை ஊசி வளைவு. நான் முன்னே. உள்பக்கம் ஒரு முழ இடம்கூட இல்லை. அந்த ஒரு முழத்தில் முன்சக்கரத்தை நுழைத்து, தோளால் இடித்தான். நான் விழுந்தேன். அவனுடைய ஃபுட்ரெஸ்ட் என் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது. இதோ, இந்தத் தழும்பு. பதினொரு தையல். பூட்ஸைக் கழற்றினால் உள்ளே ரத்தம் தளும்புகிறது. அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "ஏனுங்கண்ணா, கொஞ்சம் வழி உட்டிருக்கலாமில்லீங்க?" என்கிறான்.

சிரித்தேன்.

கோபியில் நான் ஒன்றுமே செய்யவில்லை. முட்டியை மட்டும் கொஞ்சம் வெளியே வைத்தேன். ஓடுகிற வண்டியில் முட்டியை எங்கே வைக்கணும் என்று சட்டமா இருக்கிறது? அவன் போய் டயர் அடுக்கில் விழுந்தான். விரல் இரண்டு ஒடிந்தது. அதற்கு, நாங்க வண்டியைச் சரிபார்க்கிற 'பிட்' வரைக்கும் வந்து ஹெல்மெட்டைச் சுழற்றி அடிக்கிறான். என்னை அல்ல, முபாரக் பாயை. குனிந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மனுஷனை. காதோடு ஒரு அடி. பாய், அந்தக் காதை சாரிடம் காட்டுங்க. அட காட்டுங்க பாய், வெட்கம் என்ன!

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? என் ஹெல்மெட்டும் கையில்தான் இருந்தது. ஒரே அடி. நேராக வாயில். முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தது. ஒன்றைப் பாய்தான் தேடி எடுத்து, துடைத்து, அவன் கையில் கொடுத்தார். அடி வாங்கின மனுஷன்! இப்படி ஒருத்தரை எங்கே பார்ப்பீங்க? இன்னொரு பல் கிடைக்கவில்லை.

பாய் அப்போதே சொன்னார், "இத்தோட உட்ருப்பா பூபதி, பையன் சின்னவன்." விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன்.

காங்கேயத்தில் அவன் முன்னே, நான் பின்னே. அங்கே சரளை மண். முன்னால் போகிறவன் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பின்டயர் கல்லை வாரி அடிக்கும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கொஞ்சம் பார்த்துத் திருகுவார்கள். அவன் என் நேர் முன்னால் வந்து திருகினான். ஹெல்மெட் கண்ணாடி விரிசல் விட்டது. தாடை கிழிந்தது. தொண்டைக்குழியில் ஒரு கல் பட்டு மூச்சு நின்று வந்தது. வாயில் ரத்தமும் மண்ணும். அப்படியே ஆறு சுற்று ஓட்டினேன் சார். இரண்டாவது இடம்.

அதுகூடப் பரவாயில்லை. மேடையில் அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

என்னை வீச்சு பூபதி என்று சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீங்க. தாண்டும்போது காற்றில் வண்டியின் பின்பக்கத்தைச் சாட்டை மாதிரி ஒரு பக்கமாக வீசி, இறங்குகிறதற்குள் திருப்பி நேராக்குவேன். ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். நான் ஏற்றத்துக்கு வரும்போதே ஜனம் செல்போனைத் தூக்கிவிடும். அந்தப் பொக்கைவாயன் மைக்கைப் பிடித்துச் சொல்கிறான்: "பூபதி அண்ணன் வீச்சு ரொம்ப அழகுங்க. பேசாம புரோட்டாக் கடை வெச்சா கூட்டம் அள்ளிக்கும்."

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள். கேளுங்க அவளை. சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாளிலிருந்து நான் டீக்கடைக்குப் போனால் எவனாவது ஒருத்தன், "மாஸ்டர், ரெண்டு வீச்சு" என்பான். பஞ்சருக்கு வண்டி கொண்டுவருகிறவன், "குருமா இருக்குங்களா?" என்பான். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஒருத்தனுடைய வண்டியைச் சாக்கடையில் தள்ளினேன், அவ்வளவுதான்.

டீயைக் கீழே வையுங்க சார். இப்போது இந்த வண்டியில் ஏறுங்க. பயப்படாதீங்க, இது ஸ்டாண்டில் நிற்கிறது, பின்சக்கரம் தரையைத் தொடவில்லை. கால் இரண்டும் ஃபுட்ரெஸ்டில். எழுந்து நில்லுங்க, உட்கார்ந்தால் முதுகு போய்விடும். முட்டியால் டேங்கைக் கவ்வுங்க. முழங்கை வெளியே. தலை ஹேண்டில்பாருக்கு மேலே. அப்படித்தான்! சுகந்தி, பாரேன், சாருக்கு நன்றாகவே வருகிறது.

இப்போது ஸ்டார்ட் பண்ணுகிறேன். கியர் போட்டாச்சு. பின்சக்கரம் சுற்றுகிறதா? நீங்க இப்போது தரைக்கு மேலே பத்தடி உயரத்தில் இருக்கீங்க. மூக்கு அதிகமாகத் தூக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க. இப்படியே இறங்கினால் மல்லாந்து விழுவீங்க. என்ன செய்யணும்? கிளட்ச்சைப் பிடித்து, வலது காலால் பின்பிரேக்கைத் தொடுங்க. தொடுங்க, மிதிக்காதீங்க.

பார்த்தீங்களா! சக்கரம் நின்றது, மூக்கு டக்கென்று குனிந்தது. இப்போது கிளட்ச்சை மெதுவாக விட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகுங்க. சக்கரம் வேகமெடுக்கிறது, மூக்கு எழும்புகிறது. உங்கள் உள்ளங்கைக்கே தெரிகிறது இல்லையா? காற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். அந்தச் சக்கரம் இருக்கிறது சார். அது சுற்றுகிற வரைக்கும் வண்டி நம்முடைய பேச்சைக் கேட்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் காற்றில் முடியாது. எங்கே போய் விழுவோம் என்பதை மாற்ற முடியாது. அது ஏற்றத்தின் விளிம்பை விடும்போதே முடிவாகிவிடும். வீச்சும் அப்படித்தான். மேலே போய் யோசித்து வீச முடியாது. ஏற்றத்தில் ஏறும்போதே லேசாக வளையணும். வலது பக்கம் வளைந்து ஏறினால் பின்பக்கம் இடது பக்கம் போகும். இடது பக்கம் வளைந்து ஏறினால் வலது பக்கம் போகும். விளிம்பில் வண்டியைச் சாய்க்கணும், ஹேண்டில்பாரைத் திருப்பணும், இடுப்பால் ஒரு உதை. எல்லாம் கண் இமைக்கிற நேரம். அப்புறம் வெளியே போனதைத் திருப்பிக் கூப்பிட ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம், முட்டி, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர். பழகாதவன் செய்தால் பக்கவாட்டில் விழுந்து இடுப்பு எலும்பு பொடியாகும். நானும் அப்படி விழுந்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷத்தில் மூன்று தடவை.

இறங்குங்க சார், பார்த்து. சைலன்சர் சுடும்.

தாராபுரத்தைச் சொல்கிறேன். பகல் பன்னிரண்டு மணி. பன்னிரண்டு வண்டி வரிசையில் நிற்கிறது. எனக்கு வலது பக்கம் அவன். கொடி எழும்புவதற்கு முன்னால் என் பக்கம் சாய்ந்து சொல்கிறான், "அண்ணா, இன்னைக்கு வீசாதீங்க. வயசான காலத்துல இடுப்புப் புடிச்சுக்கும்." பல் இல்லாத சிரிப்பு. காற்று அந்தச் சந்தில் புகுந்து உஸ் உஸ் என்று வருகிறது.

நான் அவனைப் பார்க்கவே இல்லை.

அங்கே ஒரு பெரிய மேடு. மேலே தட்டையாக மேசை மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் இறக்கம். மொத்தம் ஐம்பதடி தாண்டணும். முதல் சுற்றில் நான் முன்னே. மேட்டுக்கு வந்தேன், வழக்கம்போல இடது பக்கம் வீசினேன். ஜனம் விசில் அடிக்கிறது. ஒரு பகுதியிலிருந்து "புரோட்டா! புரோட்டா!" என்று சத்தம். இரண்டாவது சுற்று, அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும் அவன் என் வலது பக்கம்தான் எழும்புகிறான். அரை வண்டி பின்னால். அவனுடைய முன்சக்கரம் என் இடுப்புக்கு நேராக. நான் இடது பக்கம்தான் வீசுவேன் என்று ஊருக்கே தெரியும், அதனால் வலது பக்கம் பயமில்லை என்று ஒட்டிக்கொண்டு வருகிறான்.

நான்காவது சுற்றில் இடித்தது.

என்ன கேட்டீங்க?

அட, நல்ல கேள்வி சார். சபாஷ். மூன்று வாரமாக ஒருத்தன் இதைக் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, உங்கள் குழுவின் தலைவர் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக இடது பக்கம் வீசுகிறவன், அன்றைக்கு மட்டும் எப்படி வலது பக்கம் வீசினான்?

தானாகப் போகுமா சார்? நீங்களே இப்போது ஏறிப் பார்த்தீங்களே, சொல்லுங்க. தானாகப் போகாது. ஏற்றத்தில் இடது பக்கம் வளையணும். அந்த ஏற்றத்தில் இடது பக்கம் வளைய இடமே இல்லை, நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். எல்லோரும் அதை ஒதுக்கிக்கொண்டுதான் போனார்கள். மூன்றாவது சுற்றில் நான் பார்த்து வைத்தேன். பள்ளத்தின் இடது கரையில் ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டி மண். ஒரே ஒரு டயர் போகலாம். மூன்றாவது கியரில் வந்து, அந்த ஒரு சாணில் ஏறி, விளிம்பில் சாய்க்கணும். இந்த ஜில்லாவில் அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது சார். நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

சுகந்தி, நீ உள்ளே போ. பாய், ஸ்பேனரை ஏன் கீழே போடுறீங்க? நான் சாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எழும்பினேன். பின்பக்கம் வலது பக்கம் போனது. போகிற வழியில் நான் திரும்பிப் பார்த்தேன். அவனும் பார்த்தான். கண்ணாடிக்கு உள்ளே கண் இவ்வளவு பெரிசு. என் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே போய் அவனுடைய இடது கையில், ஹேண்டில்பாரோடு சேர்த்து, அடித்தது. பச்சைத் தென்னை மட்டை முறிகிற மாதிரி சத்தம். அது கையா வண்டியா என்று அப்போது தெரியவில்லை. அப்புறம் சொன்னார்கள், மணிக்கட்டு.

ஹேண்டில்பார் திரும்பிவிட்டது. முன்சக்கரம் குறுக்கே. பத்தடி உயரத்திலிருந்து தலைகுப்புற அந்த மேசையின் ஓரத்தில் விழுந்தான். அவன் மேல் அவனுடைய வண்டி. நூறு கிலோ. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்தவன் ஒருத்தன் ஒதுங்கினான். அடுத்தவனுக்குத் தெரியவில்லை, தாண்டி வந்து அவன் தொடையின் மேலேயே இறங்கினான். அது என் கணக்கில் வராது சார். அதை அந்த ஆளிடம் கேளுங்க.

ஆனால் இதைக் கேளுங்க, இதுதான் முக்கியம். அவன் விழுந்துகொண்டிருக்கும்போது நான் இன்னும் காற்றில் இருக்கிறேன். என் வண்டி பக்கவாட்டில், இடித்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது. மூக்கு வேறு தூக்குகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினேன், முட்டியால் தள்ளினேன், பின்பிரேக்கை ஒரு தொடு தொட்டேன். மூக்கு குனிந்தது. பின்பக்கம் வீட்டுக்கு வந்தது. இறக்கத்தில் முதலில் பின்சக்கரம், அப்புறம் முன்சக்கரம். கோடு போட்ட மாதிரி. ஒரு கால்கூடத் தரையில் ஊன்றவில்லை.

கையை மீறின வண்டி இப்படியா சார் இறங்கும்?

சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். நானும் மனுஷன்தானே? அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்குகிறார்கள். காலணி ஒரு திசையைப் பார்க்கிறது, முட்டி வேறு திசையைப் பார்க்கிறது. முகமெல்லாம் மண், மூக்கிலிருந்து ரத்தம் காதுக்கு ஓடுகிறது. செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னுங்கண்ணா, கை மீறிருச்சுங்களா?" என்றான்.

அவன் அம்மா அங்கே நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டர், உங்கள் குழு ஆட்கள், போலீஸ்காரர் ஒருத்தர். சுற்றிலும் முகம். நான் என்ன சொல்ல முடியும்?

தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று ஆட்டினேன் சார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு கொஞ்சம் விரிந்தது. வலியில் விரிந்தது என்று பாய் சொல்கிறார். பாய்க்கு என்ன தெரியும்? நான் பக்கத்தில் நின்றேன். அவன் சிரித்தான். தொடை இரண்டாக ஒடிந்து கிடக்கிறான், மணிக்கட்டு தொங்குகிறது, இனி வண்டி ஏறுவானா என்று டாக்டருக்கே தெரியாது. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. சுகந்தி நினைக்கிறாள், அவனை நினைத்து வருத்தப்படுகிறேன் என்று. கோயிலுக்குக்கூட அழைத்துப் போனாள். அங்கேயும் ஒருத்தன் என் தோளைத் தட்டி, "உடுங்க பூபதி, வயசானா பேலன்ஸ் போகத்தான் செய்யும்" என்கிறான். திருநீறு பூசின கையால் அவனை அறைந்தேன்.

இப்போது நீங்க இதைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கீங்க. இதற்குக் கீழே நான் ஆமாம் என்று கையெழுத்துப் போடணும். இது ஃபைலில் இருக்கும். நான் செத்த பிறகும் இருக்கும். எவனாவது எடுத்துப் பார்த்து, பூபதி என்று ஒருத்தன் இருந்தான், காற்றில் வண்டி அவன் கைக்கு அடங்கவில்லை என்பான்.

கொடுங்க சார் அந்தப் பேனாவை.

பாய், கையை எடுங்க. எடுங்க பாய். என் கையைப் பிடிக்காதீங்க, ஏற்கெனவே ஒரு காது போச்சு உங்களுக்கு. சுகந்தி, அழாதே. சார் முன்னால் என்ன இது! இரண்டு வரிதான் எழுதப்போகிறேன்.

அந்தக் கடைசி வரியை அடித்தாச்சு. மூன்று வாக்கியத்தையும். பக்கத்திலேயே எழுதுகிறேன். "வண்டி முழுக்க என் கையில் இருந்தது. இடது கரையில் ஏறி, வலது பக்கம் வீசினேன். அவன் இருக்கிற இடம் தெரிந்துதான் வீசினேன்." எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்க, திருத்திவிடலாம். கீழே கையெழுத்து. முழுப்பேர் போடவா? கே. பூபதி. தேதி.

ஏன் சார் எழுந்துட்டீங்க? டீயே குடிக்கவில்லையே. நான் உங்களை என்ன செய்துவிட்டேன்? உட்காருங்க. சரி, நின்றுகொண்டே கேளுங்க.

லைசென்ஸ் போகும், தெரியும். போலீஸும் வரும், அதுவும் தெரியும். இதைக் குழுவில் நாளைக்குக் கொடுங்க. இன்றைக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிங்க. வலது பக்கம் என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. ஒரு சாண் அகலம் என்று வாயால் சொல்லுங்க, அதை எழுத மறந்துவிட்டேன். அவனுக்குப் புரியும். அவனும் ஓட்டுகிறவன்தானே. இந்த ஜில்லாவில் புரிகிற ஆள் அவன் ஒருத்தன்தான்.

படித்து முடித்ததும் அவன் முகத்தைப் பாருங்க. பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்போதும் அவன் சிரித்தால் மட்டும் போட வேண்டாம் சார்.